லோசாவின் மேசையில் பதினொரு பேர்

உ

ஒனிஹங்கா, ஆக்லாந்து
18.02.2024

அன்புள்ள தம்பி கதிர்காமநாதனுக்கு,

அக்கா புஷ்பவதி எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன் வசீகரன், மருமகள் கஜானி, பேத்தி வித்தியா எல்லாரும் சுகம். என் முழங்காலை மட்டும் அந்தச் 'சுகத்தில்' சேர்க்காதே. உன் காது எப்படி? போனில் நான் கத்த, நீ "ஆர்? ஆர்?" என்று கேட்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சண்டை என்று நினைத்து எட்டிப் பார்க்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் கடிதம்தான் மரியாதை.

வித்தியாவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. கெட்டிக்காரி. புத்தகத்தை எடுத்தால் கீழே வைக்க மாட்டாள்.

ஒரு புதினம், நல்ல செய்தி இல்லை. அவளுடைய பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது. இங்கே ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் தாய் தகப்பன்மார் தெரிவுசெய்த ஒரு போர்ட் இருக்கும். ஆள், கட்டடம், செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வசீகரனும் இரண்டு வருஷமாக அதில் இருந்தவன். பிள்ளைகள் குறைந்து, படிப்பும் விழுந்துபோனதால் மினிஸ்ட்ரி போர்டை முழுக்கக் கலைத்துவிட்டு ஒரே ஒரு கமிஷனரை அனுப்பியிருக்கிறது. இனி அவர் வைத்ததுதான் சட்டம்.

போர்டின் உள்ளே இருந்த ஆரோ மினிஸ்ட்ரிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆள் ஆரென்று எனக்குத் தெரியும். சுந்தரம் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர், எங்கள் மூலைக்கடைக்காரர். இந்த ஊரில் அந்த மாதிரிக் கடையை டெய்ரி என்பார்கள். அவரும் போர்டில் இருந்தவர். கமிஷனர் வந்த அன்று பள்ளிக்கூட வாசல் படலையில் நின்று சிரித்துக் கைகொடுத்து வரவேற்றது அவர்தான். ஏன் அந்தச் சிரிப்பு? அன்றிலிருந்து நான் அவரிடம் பால் வாங்குவதில்லை. பன்னிரண்டு நிமிஷம் நடந்து அடுத்த டெய்ரிக்குப் போகிறேன்.

நல்ல சனமும் அங்கே இருக்கிறது. லோசா என்று ஒரு சமோவாப் பெண், டீச்சருக்கு உதவியாள். நூலக மூலையில் மேசை போட்டு, வாசிப்பில் பின்தங்கின பிள்ளைகளை ஒவ்வொருவராக இருத்தி வாசிக்கப் பழக்குவாள். வித்தியாவும் போய் இருப்பாள், சும்மா, துணைக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். மச்சாள் சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடு.

அன்பு அக்கா,
புஷ்பவதி


கோண்டாவில்
12.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இருபத்தொரு நாளில் வந்து சேர்ந்தது. நானும் இவளும் நலம். இடது காது போய்விட்டது. வலது காது போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

முப்பது வருஷம் கல்விக் கந்தோரில் அதிகாரியாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காரணம் இல்லாமல் அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் படலையைத் திறந்து உள்ளே வராது. யார் எழுதினார்கள் என்று தேடுவதைவிட, எழுதும்படி அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். சுந்தரத்தின் சிரிப்பைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். போர்டில் இருந்த உங்கள் சொந்த மகன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்தது, வாசிப்பில் பின்தங்கின பிள்ளைகளின் மேசையில் ஒரு கெட்டிக்காரிக்கு என்ன வேலை?

வித்தியாவை எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியென்றாலும் சரி.

உங்கள் சுகம் நாடும் தம்பி,
கதிர்காமநாதன்


ஒனிஹங்கா
07.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலுக்குக் கஜானி தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கேட்டு ஒரு களிம்பு கொண்டுவந்தாள். மணம் நல்லது, வேறு பலன் இல்லை.

பென்சன் எடுத்து இத்தனை வருஷமாகியும் நீ கந்தோர்க் கதிரையை விட்டு எழும்பவில்லை. அரசாங்கம் என்றவுடன் அவர்கள் பக்கம் சாய்கிறாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒருவர் வாசலில் நிற்கிற விதத்தைப் பார்த்தே எதற்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

கமிஷனர் நல்ல மரியாதைக்காரர்தான். காலையில் படலையில் நின்று எனக்கும் வணக்கம் சொல்கிறார். அதுதான் எனக்குப் பயம். போன கிழமை ஒரு ஆளோடு மைதானத்தைச் சுற்றி நடந்து என்னவோ அளந்தார். பள்ளிக்கூடக் காணியில் கண் வைத்திருக்கிறார்களோ தெரியாது. இன்னொரு கூத்தைக் கேள். அந்த மனுஷருக்குச் சம்பளம் மினிஸ்ட்ரி கொடுப்பதில்லையாம். காசில்லாத பள்ளிக்கூடமே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டுமாம், மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று. வருத்தக்காரன் தன்னைப் பார்க்க வந்த டொக்டருக்குத் தன் இரத்தத்தையே எடுத்துக் கொடுத்த மாதிரி.

வசீகரன் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. விரி என்கிற இடத்தில், அவனுடைய சரக்குக் கிடங்கில் வேலை கூடவாம். நான் சுந்தரத்தின் பேரை எடுத்தால் எழும்பிப் போய்க் கோப்பை கழுவுகிறான். கோப்பை கழுவுகிற பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை.

நீ கேட்டபடி வித்தியாவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழிலேயே எழுதியிருக்கிறாள்.

அன்பு அக்கா


கோண்டாவில்
02.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். மழை ஏமாற்றுகிறது.

வித்தியாவின் கடிதம் கிடைத்தது. ஆக்லாந்தில் பிறந்த ஒன்பது வயதுப் பிள்ளை என் மூட்டு வலியை விசாரித்து, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு, தேங்காய் என்ன விலை என்றும் அறிய விரும்புவது பெரிய காரியம். தேங்காய் நூற்றிருபது ரூபாய் என்று அவளிடம் சொல்லவும்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி


ஒனிஹங்கா
28.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை. கோபமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகையால் எழுதவில்லை. இங்கே நல்ல குளிர். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

போன திங்கட்கிழமை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட நான், நூலக ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். லோசாவின் மேசை இல்லை. அந்த இடத்தில் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால், கமிஷனர் செலவைக் குறைக்கிறாராம், லோசாவுக்கு இனி வேலை இல்லையாம். லீவிலேயே கடிதம் அனுப்பிவிட்டார்களாம். ஆறு வருஷம் இருந்தவள். நின்று போய்வருகிறேன் என்று சொல்லவும் விடவில்லை.

தம்பி, இனி எழுதப்போவது உனக்கு மட்டும். வாசித்தவுடன் கிழித்துப்போடு.

வித்தியாவுக்கு வாசிக்க வராது. தமிழைச் சொல்லவில்லை, இங்கிலிஷும் வராது. கணக்கு நல்லாய்ச் செய்வாள், படம் கீறுவாள், நாலு பேரைப் போலக் கதைத்துக் காட்டுவாள். ஆனால் எழுத்தைக் கண்டால் முகம் கறுத்துப்போகும். புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டாள் என்று எழுதினேனே, அது உண்மை. வாசிக்கிறாள் என்று நாங்கள் நினைக்க வேண்டுமென்று பிடித்துக்கொண்டே இருப்பாள். லோசாவிடம் ஒன்றரை வருஷம் இருந்த பிறகுதான் நாலு வரி தட்டுத் தடுமாறி வாசிக்கத் தொடங்கினாள். இப்போது திங்கட்கிழமையிலிருந்து வயிற்றுக்குத்து என்று படுத்திருக்கிறாள்.

லோசா இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இப்படியே நின்றுவிடும். எனக்கு அதுதான் பயம். காணி போனால் போகட்டும்.

இதெல்லாம் அந்தச் சுந்தரத்தால் வந்தது.

அன்பு அக்கா


கோண்டாவில்
19.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு வாசிக்க வராதது கிழித்து மறைக்கிற குற்றமில்லை. தேங்காய் விலை கேட்டது யாரென்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

இப்போது கந்தோர்க்காரனாகச் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். ஒரு அதிகாரி புதிதாக வந்து உட்காரும்போது அவர் கண்ணுக்குப் பிள்ளைகள் தெரிவதில்லை, கடதாசிதான் தெரியும். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். தீவுப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை, வரவு இடாப்பில் பதினான்கு பேர்தான் என்று மூடச் சொல்லிக் கையொப்பம் வைத்தேன். இடாப்பில் பேர் இல்லாமல், தாய்மார் கடலுக்குப் போகிற நேரத்தில் வந்து இருந்து படித்த பிள்ளைகள் இன்னும் இருபது பேர் இருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை இவளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

ஆகவே ஒன்றை விசாரியுங்கள். லோசாவின் மேசையில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்? கமிஷனரின் கடதாசியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

வசீகரன் என்ன சொல்கிறான்? இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன்.

தம்பி


ஒனிஹங்கா
08.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்காதே.

மேசையில் பதினொரு பேர். கடதாசியில் நாலு பேர்.

கஜானி பள்ளிக்கூடக் கந்தோரில் கேட்டு வந்தாள். நாலு பேருக்காக ஒரு ஆளை வைத்திருக்க முடியாது என்று கமிஷனர் முடிவெடுத்தாராம். "மற்ற ஏழு பேரும் எங்கே போச்சினம்?" என்று நான் குதித்தேன். கஜானி கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் நின்று சொன்னாள்:

"மாமி, போன வருஷம் ஒரு படிவம் வந்தது. பிள்ளைக்கு விசேஷ உதவி தேவை எண்டு நாங்கள் கையெழுத்து வைக்க வேணும். நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

என்ன சொன்னேன் என்று எனக்கு நல்ல ஞாபகம். "எங்கட வீட்டுப் பிள்ளையின்ர பேரை அந்த லிஸ்டில போட விடமாட்டன். நாளைக்குக் கோயில்ல நாலு சனம் கதைக்கும், பிறகு ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?" என்று சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்தேன் தம்பி. அந்த ஏழு பேரும் எங்கள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். எல்லா வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. லோசா ஒருவரையும் வற்புறுத்தவில்லை. படிவம் இல்லாவிட்டால் என்ன, பிள்ளை வரட்டும் என்று தன் மேசையில் இடம் விட்டாள்.

நான் சுந்தரத்தைத் திட்டத் தொடங்கினேன். அவர் எழுதிப்போட்டு அந்தக் கமிஷனரைக் கூப்பிட்டதால்தானே என்றேன். வசீகரன் குசினியில் கோப்பை கழுவின தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தான்.

"மினிஸ்ட்ரிக்கு எழுதினது நான் அம்மா."

அவன் நின்றபடியே சொன்னான்: "நாலு பிள்ளையள்தான் வாசிப்பில பின்தங்கியிருக்கினம், மற்ற எல்லாரும் நல்லாய் வாசிக்கினம் எண்டு போர்டுக்கு அறிக்கை வந்தது. என்ர பிள்ளைக்கு ஒரு வரி வராது. நான் அந்த அறிக்கைக்குக் கையைத் தூக்கினன். வெட்கத்தில வாயைத் திறக்கேல்லை. பிறகு தாங்கேலாமல் எழுதினன். வாசிக்கப் பழக்க இன்னும் ரெண்டு ஆக்களைத் தாங்கோ எண்டுதான் கேட்டனான். அவை கமிஷனரை அனுப்பிச்சினம்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சுந்தரத்தாரைப் பிடிச்சிட்டீங்கள். எனக்கும் அது வசதியாய் இருந்தது."

நான் அவனோடு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. அவனோடு கோபமா, என்னோடு கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா


கோண்டாவில்
29.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வசீகரனோடு கதையுங்கள். அவன் என்னைப் போலக் கதிரையில் இருந்து கையொப்பம் வைக்கவில்லை. பிள்ளைக்காக எழுதினான்.

அந்த ஏழு படிவங்களையும் நிரப்பிக் கொடுத்தால் கமிஷனர் தன் கடதாசியைத் திருத்தியே ஆக வேண்டும். ஏழு வீட்டிலும் கையொப்பம் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு வீடு வெளியே வந்து சொல்ல வேண்டும். அது யாருடைய வீடு என்று நான் எழுதத் தேவையில்லை.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேயுங்கள்.

தம்பி


ஒனிஹங்கா
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வர முந்தியே காரியம் நடந்துவிட்டது. நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

முதலில் சுந்தரத்தின் கடைக்குப் போனேன். அவருடைய பேரன் கோகுலும் லோசாவின் மேசைப் பிள்ளை. மனுஷர் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்கம்மா. எட்டு மாசமா பால் குடிக்கிறதையே விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்."

"பால் வாங்க வரேல்லை."

"தெரியுது. பால் வாங்க வர்றவங்க இவ்வளவு கோவமா வரமாட்டாங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். பொய்க்குப் பழி சுமத்தினதையும் சொன்னேன், அது மட்டும் மெதுவாக. அவர் ஆச்சரியப்படவே இல்லை. "உங்க பையன்தான் எழுதினார்னு எனக்கு அப்பவே தெரியும்மா. உங்க கோவம் என் மேல இருந்தா அவரு வீட்ல நிம்மதியா சாப்பிடுவாரேன்னு விட்டுட்டேன்." படலையில் ஏன் கைகொடுத்தீர்கள் என்று கேட்டேன். "வந்தவருக்கு வழி தெரியல, வேற யாரும் பக்கத்துல போகல" என்றார். அவர் வீட்டிலும் மருமகள் படிவத்தில் கையெழுத்து வைக்க விடவில்லையாம். மருமகளோடு கதைக்க அவருக்குத் துணிவில்லையாம்.

புதன்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கமிஷனர் கூட்டம் வைத்தார். முதல்நாள் வித்தியாவைப் பக்கத்தில் இருத்தி, எல்லாருக்கும் முன்னால் சொல்லட்டோ என்று கேட்டேன். அவள் இங்கிலிஷில் என்னவோ சொன்னாள். கஜானி சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் தமிழில் சொன்னாள்: "வகுப்பில எல்லாருக்கும் தெரியுமாம் மாமி. எங்கட வீட்டிலதான் ரகசியமாம்."

கூட்டத்தில் ஐம்பது சனம். வசீகரனும் கஜானியும் வேலையில், படிவத்தில் மட்டும் முதல்நாளே கையெழுத்து வைத்துத் தந்திருந்தார்கள். கமிஷனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன்னிடம் உள்ள விபரப்படி நாலு பிள்ளைகள்தான் என்று வாசித்தார். நான் எழும்பினேன். சுந்தரத்தார் இங்கிலிஷில் சொல்ல என் பக்கத்தில் நின்றார். எங்கள் கோயில் சனம் மூன்றாவது வரிசையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்ர பேத்திக்கு ஒன்பது வயசு. அவளுக்கு வாசிக்க வராது. படிவத்தில கையெழுத்து வைக்க விடாதது நான்."

இவ்வளவுதான் சொன்னேன். மூன்று வசனம். சுந்தரத்தார் அதைச் சொல்லத் தொடங்கினார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷர் என் பேச்சைத் திருப்புகிறாரோ? கமிஷனர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். முன்வரிசையில் அவருடைய மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கதிரையில் இருந்ததும் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "நான் சொன்னது கொஞ்சம். நீங்கள் என்னத்தைச் சேர்த்தனீங்கள்?"

"என் பேரனைச் சேத்தேம்மா."

பிறகு பின்னால் ஒரு தாய் எழும்பினாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி. கூட்டம் முடிய ஏழு படிவமும் கையெழுத்தோடு கமிஷனரின் மேசையில் இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றாராம். அது கள்ளமில்லாத பேச்சு என்று சுந்தரத்தார் சொல்கிறார். எனக்குப் பாதி நம்பிக்கை.

அக்கா


ஒனிஹங்கா
24.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. தபாலில் கிடக்கிறதோ, நீயும் என்னைப் போல எதையாவது எழுதாமல் வைத்திருக்கிறாயோ தெரியாது. சுகமாக இருக்கிறாய் என்று நினைத்தே எழுதுகிறேன்.

வாசிக்கப் பழக்க ஒரு ஆளை வைக்கலாம் என்று கமிஷனர் சம்மதித்தார். பதினொரு பேரின் பெயரும் இப்போது கடதாசியில் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் லோசா இல்லை. நியூ லின்னில் ஒரு உடுப்புக்கடையில் சேர்ந்துவிட்டாள். தை மாதத்துக்குப் பிறகு வேறு ஆளைத் தேடுவோம் என்கிறார்கள். வித்தியா வேறு ஆளிடம் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் போன சனிக்கிழமை வசீகரனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். நியூமார்க்கெட்டில் இறங்கி மாறி, நியூ லின் போய், ரயிலடிக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் அவளைக் கண்டுபிடித்தோம். சட்டை மடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு கட்டிப்பிடித்தாள். வித்தியாவைக் கேட்டாள், கோகுலைக் கேட்டாள், பதினொரு பேரையும் பேர் சொல்லிக் கேட்டாள். ஒரு பேரும் தவறவில்லை.

வசீகரன் விஷயத்தைச் சொன்னான். மினிஸ்ட்ரிக்கு எழுதினது தான்தான் என்றும் சொன்னான். அதைச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் சட்டையை மடித்தாள். பிறகு, வரலாம், வாரத்தில் மூன்று காலை, கடை வேலைக்குப் போக முந்தி வரலாம் என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வசீகரன் உடனே, "அப்ப தை முடிய பள்ளிக்கூடம் திறக்கிற அண்டைக்கே வாறீங்களோ?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டவில்லை. எத்தனை மணித்தியாலம், எத்தனை மாதம், இடையில் நிறுத்தினால் எத்தனை நாள் முந்திச் சொல்வீர்கள், எல்லாவற்றையும் கமிஷனரின் கையொப்பத்தோடு எழுத்தில் கொண்டுவாருங்கள், பிறகு பார்ப்போம் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

தம்பி, எங்கள் வாய் வார்த்தையை நம்பி ஏழு பிள்ளைகளை ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் இருத்தி வைத்திருந்தவள் இவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரயிலில் வரும்போது வசீகரன் என் முழங்காலுக்கு மேலே தன் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டான்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சுந்தரத்தாரும் நானும் கமிஷனரின் கந்தோருக்குப் போகிறோம். கையெழுத்து வைக்கும்வரை எழும்புவதில்லை என்று சொல்லியிருக்கிறேன். சுந்தரத்தார் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார்.

மச்சாளுக்கும் உனக்கும் என் அன்பு. ஆரும் வித்தியாவைப் பற்றிக் கேட்டால், இன்னும் வாசிக்க வரவில்லையாம் என்றே சொல்.

அன்பு அக்கா,
புஷ்பவதி